38 பிள்ளைகள், 3 பந்துகள்

கேள்வி: நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. போன வருடம் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு கூடைப்பந்துக் கம்பமும் மூன்று பந்துகளும் வாங்கிக் கொடுத்தார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகள் சேர்த்து 38 பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட். வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ரிங்கில் போடச் சொல்கிறேன். பாதிப் பேருக்குப் பந்து ரிங் உயரத்துக்கே போவதில்லை. மேட்ச் ஆட விட்டால், டவுனில் கோச்சிங் போகிற இரண்டு பையன்களிடமே பந்து நிற்கிறது. பெண் பிள்ளைகள் பலர் பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். குறுவட்டப் போட்டிக்கு ஓர் அணி தயார் செய்யச் சொல்கிறார் ஹெச்.எம். எனக்கோ விளையாடவே தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

உங்களுக்கு விளையாடத் தெரியாது என்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தடையே இல்லை. ஓடி வந்து துள்ளி ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போடுகிற லே-அப்பை நீங்கள் செய்து காட்ட வேண்டியதில்லை. ஒரு பீரியடில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பந்து எத்தனை முறை பட்டது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். தொடக்கப் பள்ளிக் கூடைப்பந்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், கடைசியில் பார்ப்பதும் அதைத்தான்.

உங்கள் வரிசையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 பேர், ஒரு ரிங். ஒருவர் வந்து, போட்டு, பந்தை எடுத்து அடுத்தவரிடம் கொடுக்க 10 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முடிய 380 விநாடி, அதாவது ஆறு நிமிடத்துக்கு மேல். 40 நிமிட பீரியடில் வரிசை கட்டி மைதானத்துக்கு வந்து, தண்ணீர் குடித்துத் திரும்புகிற நேரம் போக 25 நிமிடம் மிஞ்சும். ஒரு பிள்ளைக்கு நான்கு முறை பந்து கிடைக்கும். அந்த நான்கும் ரிங்கைத் தொடாமல் கீழே விழுந்தால், அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது ‘எனக்கு இது வராது’ என்பது ஒன்றுதான். நிற்கிற நேரத்தில் முன்னால் நிற்பவளின் சடையை இழுப்பதும், தள்ளிவிடுவதும், நீங்கள் சத்தம் போடுவதும் தனி. அதனால் வரிசையை இன்றோடு விட்டுவிடுங்கள். ரிங்கையும் முதல் சில வாரங்களுக்கு மறந்துவிடுங்கள்.

பந்தையும் கம்பத்தையும் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. பெரும்பாலும் நன்கொடையாக வருவது 7ஆம் எண் பந்தும் 10 அடி ரிங்கும்தான். இரண்டும் வளர்ந்த ஆண்களுக்கான அளவு. 7ஆம் எண் பந்து சுமார் 600 கிராம், சுற்றளவு 76 சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது 5ஆம் எண். அது 500 கிராமுக்குள், சுற்றளவு 70 சென்டிமீட்டர் அளவில் வரும். சின்னப் பிள்ளைகளுக்கென்று சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் வைத்திருக்கும் மினி கூடைப்பந்து விதிகளில் 5ஆம் எண் பந்து, ரிங் உயரம் 2.60 மீட்டர், அதாவது சுமார் எட்டரை அடி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வும் அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும் 7, 8 வயதுக்கு 8 அடி, 9 முதல் 11 வயது வரை 9 அடி. 12 வயதில்தான் 10 அடி வருகிறது. உலகத்திலேயே உயரமான ஆட்டக்காரர்கள் இருக்கிற நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ரிங்கைத் தாழ்த்துகிறார்கள். நம் ஊர் ஒன்பது வயதுப் பிள்ளையை நாம் ஏன் 10 அடிக்கு அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும்?

இது வெறும் வசதிக்காகச் சொல்வதில்லை. கனமான பந்தை உயரமான ரிங்குக்கு எறியும் பிள்ளை, இடுப்புக்குக் கீழே பந்தைக் கொண்டுபோய், உடம்பையே சுழற்றி மேலே வீசும். பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போடுகிற மாதிரி, எட்டாததை எட்ட உடம்பு தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. அப்படிப் பழகிய கையை எட்டாம் வகுப்பில் திருத்துவது எவ்வளவு சிரமம் என்று எந்தப் பயிற்சியாளரையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, ரிங் இல்லாமல் என்ன சொல்லிக்கொடுப்பது?

நிற்கச் சொல்லிக்கொடுங்கள். ஓடி வந்து, விசில் கேட்டதும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட, முழங்காலை மடக்கி, முன்னால் சாயாமல் நிற்க வேண்டும். பாதிப் பேர் முதல் நாள் இரண்டடி தள்ளிப் போய்த்தான் நிற்பார்கள். ஓடுவது எல்லோருக்கும் வரும், நிற்பதுதான் வராது. கூடைப்பந்தில் பந்தோடு கூடுதல் அடி வைத்ததற்காக டிராவல் என்று விசில் அடிக்கிற தவறுகளில் பெரும்பகுதி பந்தைப் பிடித்த பிறகு நிற்கத் தெரியாமல் வருவதுதான். நின்ற பிறகு ஒரு காலை ஊன்றி, மற்றக் காலால் முன்னும் பின்னும் திரும்பப் பழக்குங்கள். ஊன்றிய கால் இடம் மாறக் கூடாது. இதுதான் பிவட். இதற்கு ஒரு பந்துகூடத் தேவையில்லை. 38 பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம். மைதானத்தில் நான்கு மூலையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ‘ஓடு, நில், திரும்பு’ என்று ஐந்து நிமிடம் விளையாட்டாகவே நடத்திவிடலாம்.

அடுத்தது பிடிப்பது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. கனமான பந்து வேகமாக வந்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும், அதுவும் ஒருமுறை மூக்கில் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பந்தை மாற்றுங்கள். முதலில் டென்னிஸ் பந்தோ சாதாரண ரப்பர் பந்தோ கொடுத்து, தானே தரையில் தட்டித் தானே பிடிக்கட்டும். பிறகு ஜோடியாக உட்காரவைத்து உருட்டிவிடச் சொல்லுங்கள். அப்புறம் தரையில் தட்டி அனுப்பும் பவுன்ஸ் பாஸ். தரையில் பட்டு வரும் பந்து வேகம் குறைந்து இடுப்புக்கு எழும்புகிறது, முகத்துக்கு வருவதில்லை. அதனால் நெஞ்சிலிருந்து நேராகத் தள்ளும் செஸ்ட் பாஸுக்கு முன்பே பவுன்ஸ் பாஸைச் சொல்லிக்கொடுங்கள். இருவருக்கும் நடுவில், அனுப்புபவரிடமிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டு, ‘அந்த வட்டத்தில் படவேண்டும்’ என்றால் போதும், வேறு விளக்கமே வேண்டாம். பிடிப்பவர் பத்து விரலையும் விரித்து, கட்டைவிரல்கள் இரண்டும் நெருங்கி நிற்கக் கையை முன்னால் நீட்டிக் காட்ட வேண்டும். அனுப்புபவர் அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால், பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. நான் கை காட்டாமல் பந்து வராது என்ற நம்பிக்கை வந்துவிட்டால், தலை தானாக நிமிரும்.

பந்து வரும்போது கையை விறைப்பாக வைக்காமல், தொட்டதும் முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூரம் முதலில் இரண்டு மீட்டர். பத்துப் பந்தில் எட்டு கையில் நின்றால் ஓர் அடி பின்னால் போகலாம். அவசரமே இல்லை.

இப்போது உங்கள் இரண்டு பையன்களிடம் வருகிறேன். இந்தச் சிக்கலைத் தீர்க்க நான் கூடைப்பந்தின் பிறப்புக்கே போவேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளேயே அடைந்து கிடந்த 18 மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பீச் பழக் கூடை இரண்டு, ஒரு கால்பந்து, 13 விதிகள். அந்த விதிகளில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று இருந்தது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிளிங் என்பதே அப்போது கிடையாது, அது பின்னால் வந்து சேர்ந்தது. உங்களைப் போலவே அவரும் ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்த ஆசிரியர்தான். அதே ஸ்ப்ரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கிருந்து வந்தவர்கள். அந்த வழியில் வந்த விளையாட்டை அதன் முதல் வடிவத்திலேயே உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நான்கு பேருக்கு நான்கு பேர். டிரிபிளிங் கூடாது. பந்தைப் பிடித்தால் நிற்க வேண்டும். எதிரணி கையில் படாமல், கீழே விழாமல் ஐந்து பாஸ் தொடர்ந்து போனால் ஒரு புள்ளி. பந்தைக் கொடுத்தவரிடமே உடனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. கோச்சிங் போகும் பையன் இதில் பந்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்துவிட்டுக் காலியான இடத்துக்கு ஓடினால்தான் மறுபடி வாங்க முடியும். உண்மையில் நல்ல ஆட்டக்காரன் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான், அதனால் அவனுக்கும் இதில் நஷ்டம் இல்லை. மூன்று பந்தில் மூன்று இடத்தில் ஆடினால் 24 பேர் ஆட்டத்தில் இருப்பார்கள். மீதி 14 பேருக்குச் சுவரோரம் ரப்பர் பந்து கொடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஸ்டோர் ரூமில் பழைய வாலிபால் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எடை குறைவு, பாஸ் பழக அருமையான பந்து.

அணி பிரிக்க இரண்டு பேரைக் கேப்டனாக நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து அது வேண்டாம். கடைசியாக மிஞ்சி நிற்கும் பிள்ளை யார் என்று வகுப்புக்கே தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். நீங்களே பிரித்துவிடுங்கள். தோற்றவர் வெளியே உட்காரும் ஆட்டங்களும் அப்படித்தான். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவரைத்தான் அது முதலில் உட்கார வைக்கிறது.

பெண் பிள்ளைகளை ஒதுங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டம் பிறந்த அடுத்த வருடமே, 1892இல், அமெரிக்காவின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் படத்தை வகுப்பில் ஒட்டி வையுங்கள். ஆனால் படம் மட்டும் போதாது. நான்கு பேர் அணியில் இரண்டு பெண், இரண்டு பையன் என்று வையுங்கள். ஐந்து பாஸில் நால்வர் கையிலும் பந்து பட்டிருந்தால்தான் புள்ளி என்று ஒரு விதியைச் சேருங்கள். பாவாடையோடு ஓடத் தயங்கும் பிள்ளைகள் விளையாட்டு பீரியட் அன்று உள்ளே டிராக் பேன்ட் போட்டு வரலாம் என்று முன்கூட்டியே அம்மாக்களிடம் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் தயக்கம் அங்கேதான் இருக்கிறது, பந்தில் இல்லை.

மூன்று, நான்கு வாரம் கழித்து டிரிபிளிங். இதற்கு மண் தரை உதவாது. பந்து எழும்பாது, கல்லில் பட்டு எங்கோ ஓடும். வராண்டா, பிரேயர் நடக்கும் சிமெண்ட் தளம், எது கிடைத்தாலும் சரி. விரல் நுனிகளால் பந்தைக் கீழே தள்ள வேண்டும், உள்ளங்கையால் அறையக் கூடாது. விளையாடத் தெரியாதவர்களும் இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அறைந்தால் ‘பட் பட்’ என்று சத்தம் வரும், தள்ளினால் தரையில் படும் சத்தம் மட்டும்தான் கேட்கும். பந்து காலுக்கு முன்னால் வராமல் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே எழும்ப வேண்டும். முதலில் நின்ற இடத்தில், பிறகு நடந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

‘பந்தைப் பார்க்காதே’ என்று முதல் நாளே சொல்ல வேண்டாம். கொஞ்ச நாள் பார்த்துத்தான் ஆக வேண்டும். கை பழகிய பிறகு ஜோடி சேர்த்து, ஒருவர் டிரிபிள் செய்ய, எதிரே நிற்பவர் விரல்களைக் காட்ட, அது எத்தனை என்று சொல்லச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்தால்தான் எண்ண முடியும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பந்து கை மாறட்டும். வலது கை, இடது கை இரண்டுக்கும் சம நேரம். கோச்சிங் போகும் பையன்களை இங்கே இடது கையால் மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும், மற்றவர்களோடு சேர்ந்து தடுமாறவும் செய்வார்கள். அவர்களை எப்போதும் முன்னால் நிறுத்திச் ‘செய்து காட்டு’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டாம். அது அவர்களுக்கும் நல்லதல்ல, பார்க்கிறவர்களுக்கும் நல்லதல்ல.

ரிங்கில் போடுவது இதற்கெல்லாம் பிறகுதான். கம்பத்தில் ரிங்கைத் தாழ்த்த வழி இருந்தால் தாழ்த்துங்கள். இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் சொல்லி 45 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் இரும்பு வளையம் செய்து, சுவரில் எட்டு, எட்டரை அடியில் அடிக்கலாம். பழைய சைக்கிள் ரிம்மில் கம்பிகளை எடுத்துவிட்டு மாட்டினாலும் குறையில்லை, கொஞ்சம் அகலமாக இருந்தால் இன்னும் நல்லது. எதுவுமே முடியாவிட்டால் சுவரில் அந்த உயரத்தில் ஒரு சதுரம் வரைந்துவிடுங்கள். ரிங்கிலிருந்து பிள்ளையின் காலடியில் இரண்டு எட்டு தூரத்தில் நின்று தொடங்கட்டும். முழங்கால் மடங்கி நிமிரும்போது பந்து கிளம்ப வேண்டும். போட்ட கை மேலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நான்காம் வகுப்பில் இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளினால் தள்ளட்டும், ஒரு கை ஷாட்டை இழுத்துப் பிடித்துத் திணிக்காதீர்கள். பலம் வரும்போது, 10, 11 வயதில், அதற்கு நேரம் இருக்கிறது. லே-அப் காலடிகளை மட்டும் ஐந்தாம் வகுப்புக்குப் பந்தில்லாமல் தரையில் பாதம் வரைந்து காட்டலாம். வலது கைக்காரர்களுக்கு வலது, இடது, அப்புறம் துள்ளல்.

மேட்ச் வைக்கும்போது விசில் குறைவாகவே அடியுங்கள். பந்தைக் கட்டிப்பிடித்து ஓடினால், தள்ளினால், கையிலிருந்து பிடுங்கினால் விசில். ஓர் அடி கூடப் போனதற்கும், டிரிபிளை நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் டபுள் டிரிபிளுக்கும் ஆட்டத்தை நிறுத்தினால் பிள்ளைகள் ஆடுவதே இல்லை, நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

விரலைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். பந்து விரல் நுனியில் பட்டு மடங்கிவிடுவது இந்த ஆட்டத்தில் சகஜம். உடனே யாராவது ஓடி வந்து ‘சொடுக்கு எடுக்கிறேன்’ என்று இழுப்பார்கள். விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ், இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், விரலை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். வீக்கம் அதிகமானாலோ, மடக்க, நீட்ட முடியாவிட்டாலோ, விரல் கோணலாகத் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வளர்கிற எலும்பு அது. நகம் வெட்டியிருக்கிறார்களா, கையில் மோதிரம், வளையல் இருக்கிறதா என்று தொடங்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். செருப்போடு ஓட விடாதீர்கள். வெறுங்காலோடு ஆடுகிறார்கள் என்றால் மதியத்துக்கு மேல் சிமெண்ட் தளம் காலைச் சுட்டுவிடும், பீரியடைக் காலைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

ஹெச்.எம். சொன்ன அணி விஷயம். குறுவட்டப் போட்டிகளில் சின்னப் பிரிவே 14 வயதுக்குட்பட்டோர்தான். உங்கள் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, 10 அடி ரிங்கில் ஆட வேண்டியிருக்கும். உங்களுடையது நடுநிலைப் பள்ளிதானே, அணி வேண்டுமென்றால் ஏழாம், எட்டாம் வகுப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தால், மீதி 33 பேருக்கு அந்த பீரியடில் உங்களால் நேரம் கொடுக்க முடியாது. யார் பின்னால் நன்றாக ஆடுவார் என்று இந்த வயதில் யாராலும் சொல்லவும் முடியாது. ஹெச்.எம்.முக்கும் ஏதாவது காட்ட வேண்டும் என்றால், ஆண்டு விழாவில் 38 பேரும் சேர்ந்து ஆடுகிற ஐந்து பாஸ் ஆட்டத்தை வையுங்கள். பெற்றோர் எல்லோரும் தங்கள் பிள்ளை ஆடுவதைப் பார்ப்பார்கள்.

இதைச் சொல்லும்போதே பந்து வாங்கவும் கேட்டுவிடுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டுக் கருவிகளுக்கென ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வழி இருக்கிறது. தோல் பந்து வேண்டாம், வெளித் தரைக்கு ரப்பர் பந்துதான் தாங்கும். 5ஆம் எண்ணில் ஆறு பந்தும், ஒரு டஜன் டென்னிஸ் பந்தும், ஒரு கைப்பம்பும் போதும். காற்றடிக்கும் ஊசியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் பந்தில் செருக வேண்டும், இல்லையென்றால் வால்வு கிழிந்து வாங்கிய வாரமே பந்து போய்விடும். உங்கள் தோள் உயரத்திலிருந்து கையை விட்டால் இடுப்புக்கு மேல் வரை எழும்ப வேண்டும். அதற்கு மேல் காற்று வேண்டாம், கெட்டியான பந்து சின்னக் கைகளை வலிக்க வைக்கும்.